வெறும் வாய்

வேரோய்த் தீவில் காற்றில்லாத நாள்
வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தேறும்.
அதில் ஒன்றைத்
தோர்தீஸின் நாய்க்காகச் செலவழித்தேன்.

நரி நிறம். பூனையைவிடச் சற்றே பெரியது.
பெயர் தூவா.
சமையலறை மேசைமேல் தூக்கி வைத்து
துணிக்கடைக்காரி சேலையைப் பிரிப்பதுபோல்
பிரித்துக் காட்டினாள்.
"எண்ணு."
எண்ணினேன். ஒரு பாதத்தில் ஆறு விரல்.
அடுத்ததிலும் ஆறு.
மூன்றாவதை எண்ணுமுன்
என் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

எனக்கும் ஒன்று இருந்தது.
சுண்டு விரலுக்கு வெளியே, எலும்பில்லாமல், பட்டாணியளவு.
அதற்கும் ஒரு நகம்.
பூடோ மருத்துவமனையில் அடியில் நூலைக் கட்டி
மூன்றாம் மாதமே உதிர்த்துவிட்டார்கள்.
காகிதத்தில் 'பயனற்றது' என்று எழுதியிருந்தது.
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறவனுக்கு
ஐந்தே அதிகம்தான்.

பிறகு அதன் தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள்.
சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது.
நெற்றி போய் முதுகெலும்பில் படுத்தது.
எங்கோ ஒடியப்போகிறதென்று பல்லைக் கடித்தவன் நான்.
நாய் கொட்டாவி விட்டது.
முன்னங்கால் இரண்டையும் பக்கத்துக்கொன்றாய் விரித்தபோது
பிளந்து காயப்போட்ட கோட் மீன்போல்
மேசையோடு மேசையாய்க் கிடந்தது.
"காதைக்கூட மூடும்" என்றாள்.
"எங்கே, மூடச் சொல்."
"அது அதன் இஷ்டம்."

இத்தனையும் ஒரே ஒரு பறவைக்காக.
பாறை இடுக்கின் கோடியில்,
மனிதக் கை முழங்கையோடு நின்றுவிடும் இடத்துக்கும் அப்பால்
முட்டையிடுகிற லுண்டே.
சிவப்பு மூக்கு, எப்போதும் எதையோ மறந்துவிட்ட முகம்.
அதைத் தொடக்கூடாதென்று இப்போது சட்டம்.
தூவா பிறந்ததிலிருந்து
சோபாவுக்கடியில் தொலைந்த ரிமோட்டை
இரண்டு முறை எடுத்து வந்திருக்கிறது.

ஜூலையில், இரவு பதினொரு மணி வெயிலில்,
மோஸ்தா பக்கம் நடக்கப் போனோம்.
சரிவில் கழுத்துப்பட்டை மட்டும் தோர்தீஸின் கையில் நின்றது.
நாய் ஒரு கல்லுக்குள் போய்விட்டது.

தோர்தீஸ் கத்தினாள். அபராதம் என்றாள்,
கலெக்டர் ஆபீஸ் என்றாள், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்,
பிறகு பெயரை மட்டும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள்.
நான் பாறைமேல் காதை வைத்துப் படுத்தேன்.
உள்ளே வெகு தூரத்தில் நகங்கள்.
ஐந்து விரல்காரனின் ஓசையல்ல அது;
ஒவ்வோர் அடிக்கும் பின்னால்
இன்னொரு சின்ன உரசல்.
"கூப்பிடாதே," என்றேன், "காதை மூடியிருக்கும்."

இருபது நிமிடம்.
திரும்ப இடமில்லாத இடத்தில்
தன் முதுகையே தலையணையாக்கி மடங்கி
முகத்தை முதலில் வெளியே நீட்டியது.
மூக்கெல்லாம் மண்.
காதுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தன.
வாயில் ஒன்றுமில்லை.
இறகில்லை, ஓடில்லை.
வெறும் வாயை இரண்டு முறை மென்றது.

"நல்லவேளை" என்றாள் தோர்தீஸ்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி
"நல்லவேளை" என்றாள்,
முதல் தடவை சொன்னதுபோல் அல்ல.
அந்தச் சரிவில் லுண்டே இறங்கும் நேரம் அது.
நாங்கள் வந்ததிலிருந்து
ஒரு சிறகுகூட எங்கள் தலைக்குமேல் அடிக்கவில்லை.

தூவா அடுத்த இடுக்குக்குப் போனது.
வெறும் வாய்.
அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது.
எதிலும் சலிப்பில்லை அதற்கு,
கற்றுத்தராத வேலையை
ஒரு மூலையும் விடாமல் செய்தது.

ஏழாவதற்குள் நுழைந்தபோது
கழுத்துப்பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டாள்.
என் இடது கை எப்போது வெளியே வந்ததோ தெரியாது,
தழும்பு அரித்தது, சொறிந்துகொண்டேன்.
"என்ன அது?" என்றாள்.
"அங்கே ஒன்று இருந்தது."
பார்த்தாள். ம் என்றாள்.
ஒரு கல்லைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.
கடைசிப் படகு எப்போதோ போய்விட்டது.
கூப்பிடாமல் காத்திருந்தோம்.