நூற்றுப் பன்னிரண்டு தப்படி

நைரோபியின் ஒன்பதாம் மாடியில்
ஒரு வாக்கியம் எழுதினார்கள்:
"இன்று வெட்டிய ரோஜா இன்றே விமானத்தில்."
கைதட்டினார்கள். காபி வந்தது.

நைவாஷாவுக்கு அது
வந்து சேர்ந்தபோது விடிகாலை ஐந்து.
நசிமியூ வாசித்த கையோடு
நடந்து பார்த்தாள்.
கத்தியிலிருந்து வாளிக்கு நாற்பது தப்படி.
வாளியிலிருந்து குளிரறைக்கு
நூற்றுப் பன்னிரண்டு,
நடுவே எப்போதும் சிக்கிக்கொள்ளும் கதவு.

கீலுக்கு எண்ணெய் விட்டாள்.
தரம் பிரிக்கும் மேசையை
கிப்ரோனோவும் அவளுமாய்த் தூக்கி
கதவோரம் போட்டார்கள்.
ஒரு கால் ஆடியது.
பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து
மடித்துச் செருகினாள்.

மாலை லாரி
பதினேழு நிமிடம் முன்னதாகக் கிளம்பியது.
மாடியில் அடுத்த வாக்கியம்
தயாராகிக்கொண்டிருந்தது.

மேசைக்காலில் ஒட்டியிருக்கிறது
சுவாஹிலியில் ஒரு துண்டுச்சீட்டு:
பெருக்குகிறவர்களே,
இந்த அட்டை குப்பையல்ல.