மதகுக்கு இந்தப் பக்கம்

மாவட்ட மன்றத்தின் வரைபடத்தில்
எங்கள் தோட்டம் வெறும் வெள்ளைத் தாள்.
நிறம் பூசியவர் மதகு வரைக்கும் வந்து
தூரிகையைக் கழுவிவிட்டார் போல.

மதகுக்கு அந்தப் பக்கம் தாமான் மெலோர். பச்சை.
அவர்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு
முந்தின வருடம் ஓடுபாதை,
போன வருடம் ஓடுபாதைக்கு விளக்கு,
இந்த வருடம் விளக்குக் கம்பத்துக்குச் சாயம்.
பொறாமை இல்லை.
கொஞ்சம் இருக்கிறது;
நான் பொருளாளர், எதையும் மறைக்கக் கூடாது.

இந்தப் பக்கம்
இரண்டாம் டிவிஷன் மாலை வகுப்பு.
பழைய ஆயாக் கொட்டகை,
முப்பத்தொரு பிள்ளைகள், பதினான்கு நாற்காலி.
மழை வந்தால் கணக்குப் பாடம் நிற்கும்,
வாளிப் பாடம் தொடங்கும்.

மூன்று முறை மானியம் கேட்டோம்.
மூன்று முறையும் அதே வரி:
விண்ணப்பதாரர் மன்ற எல்லைக்குள் இல்லை.
முகப்பிலிருந்த புவான் ரொஹைடா
மெய்யாகவே வருத்தப்பட்டார், தேநீர்கூடத் தந்தார்.
"அது தோட்ட நிலம். கம்பெனியைக் கேளுங்கள்."
கேட்டோம். பிள்ளைகள் படிப்பது
மன்றத்தின் காரியம் என்றது கம்பெனி.
மரியாதைக்குக் குறைவில்லை,
கைதான் ஒருவரையொருவர் காட்டியது.

குப்பை லோரி மதகில் திரும்பிவிடும்.
கொசு மருந்துப் புகை மட்டும்
காற்றடித்தால் எல்லை பார்க்காது.

யோசனை தவமலருடையது.
டவுனில் சலவைக்கடை மாடியில் ஓர் அறை,
மாதம் நூற்றைம்பது வெள்ளி.
வேண்டியது அறையல்ல, கதவிலக்கம்.
"பாடம் இங்கேயா?" என்றார் கடைக்கார லிம்.
"கடிதம் மட்டும்" என்றாள்.
ஆறு மாத வாடகை தொள்ளாயிரம்.
கையிருப்பு ஆயிரத்து நாற்பது.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

கடிதம் வந்தது. நாலாயிரம் வெள்ளி.
வால்போல ஒரு நிபந்தனை:
வாங்கும் பொருள் பதிந்த முகவரியிலேயே இருக்கவேண்டும்,
பிள்ளைகள் அங்கே படிக்கும் படம் ஒன்று வேண்டும்.

ஒரு சனிக்கிழமை
குணாளன் தன் செம்பனைக்குலை லோரியைக்
கழுவினான், மறுபடியும் கழுவினான்,
எண்ணெய் வாடை போகாமலே ஏற்றிப்போனான்.
மாடியில் புது நாற்காலிகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் மன்றத்தின் முத்திரை.
கீழே சலவை இயந்திரங்கள் தரையை உலுக்க
பிள்ளைகள் பதாகை பிடித்துச் சிரித்தார்கள்.
"டீச்சர், இங்கேயே படிக்கலாமே, ஒழுகவில்லை"
என்றான் பின்வரிசைக் கவினேசன்.
அசையாதே, என்றார் படமெடுப்பவர்.
ஒன்பது கிலோமீட்டர், இரவில் பஸ் இல்லை,
குலை லோரிகள் ஓடும் சாலையில்
நடக்க ஓரமும் இல்லை.
இதையெல்லாம் அவனுக்குச் சொல்லவில்லை.
அவனுக்குத் தெரியும், சும்மா கேட்டான்.

மறுவாரம்
ஒன்பது மணிக்குத் தோட்டத்துத் தடைக்கம்பம் இறங்கியபின்
லோரி விளக்கணைத்து மதகடியில் நின்றது.
முப்பத்தொரு நாற்காலி
தலைகீழாக, எங்கள் தலைமேல், இந்தப் பக்கம் வந்தன.
நடுமதகில் தவமலர் ஒரு கணம் நின்றாள்.
"இந்த இடம் என்ன நிறம்?"
இருட்டில் என்ன சொல்வது.

மார்ச்சில் தணிக்கைக்கு வருவார்கள்.
முத்திரையைச் சுரண்டுவதா,
நாற்காலிகளை ஒரு நாளைக்குத் திருப்பி ஏற்றுவதா,
கூட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை.
எல்லாரும் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.
பழைய பதினான்கு நாற்காலிகளில்
வாளிகளை வைத்திருக்கிறோம்.
தெறிப்பு குறைகிறது.