ஆடு விழுந்த இடம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு
மாநிலம் முழுவதும் ஒரே வரைபடமாயிற்று.

அடிலெய்டில் அமைச்சர் பொத்தானை அழுத்துவதை
டிரெவாலன் நகர மன்றத்தின் சுவர்த்திரையில் பார்த்தோம்
நானும் ஹைடி லீனர்ட்டும்
குழாய் சரிசெய்ய வந்தவரும்.
கேக்கும் அனுப்பியிருந்தார்கள்,
தெற்கு ஆஸ்திரேலியாவின் வடிவில்,
வளைகுடாக்கள் நீலச் சர்க்கரையில்.
எங்கள் தீபகற்பத்தைக் குழாய்க்காரர் தின்றார்.

இனி ஊருக்கொரு சட்டமில்லை.
மூன்று பிரதி இல்லை, முத்திரை இல்லை,
எச்சில் தொட்டு ஒட்டும் உறை இல்லை.

பழைய முறையைப் புகழ மாட்டேன்.
டார்சி நான்கிவெல்லின் வராந்தாவுக்குப்
பதினோரு வாரம் எடுத்தோம்.
அதில் நான்கு வாரம் அவர் கோப்பு
என் நாற்காலிக்கு உயரம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒன்பதேகாலுக்கு முதல் விண்ணப்பம்.
அதே டார்சி.
மழைநீர்த் தொட்டி, இருபத்திரண்டாயிரம் லிட்டர்,
வீட்டுக்குப் பின்னே, மேற்கு மூலையில்.
வெள்ளம்: இல்லை. காட்டுத்தீ: குறைவு.
பாரம்பரியக் கட்டடம்: இல்லை.
நான்கு வினாடி. பச்சைக் குறி.
என் விரல் எதையும் தொடவேயில்லை.
ஹைடி கைதட்டினாள்.

மேற்கு மூலை.
பல்லிடுக்கில் நார் போல அது சிக்கிக்கொண்டது.

செம்பு தோண்டிய ஊர் இது.
கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்
மெழுகுவத்தியைத் தொப்பியில் ஒட்டிக்கொண்டு கீழே போனார்கள்.
செம்பு தீர்ந்ததும் மேலே வந்து
குழியின்மேல் பலகை போட்டு
பலகைமேல் மண் போட்டு
மண்மேல் பார்லி விதைத்தார்கள்.
எத்தனை குழி என்று எவரும் எழுதிவைக்கவில்லை.
எழுதிய ஒன்றிரண்டும் பென்சிலில்.

தாள்களை ஸ்கேன் செய்தபோது
பென்சில் கோடுகளை அழுக்கென்று எண்ணித்
துடைத்துவிட்டிருந்தது இயந்திரம்.
தாள்களோ பெட்டிகளில் கட்டுண்டு வாசலில்.
இரண்டு மணிக்கு லாரி.

பதினான்காம் தாள்.
தேநீர்க் கோப்பை விட்டுப்போன வளையம்,
அதற்குள் இன்னொன்று, சிறியது, மங்கல்.
பக்கத்தில் யாரோ:
"ஆடு விழுந்தது. மே 71. ஆழம் தெரியவில்லை."

தரையில் மண்டியிட்டு அதைப் படிக்கையில்
மேசையிலிருந்து திரை அறிவித்தது:
நீங்கள் செயலற்று இருப்பதால் வெளியேற்றப்பட்டீர்கள்.

கிணறு வெட்டினால்தான் பூதம் வரவேண்டுமா?
வெட்டியதை மறந்தாலும் வரும்.

டார்சியை அழைத்தேன்.
"அனுமதி வந்தாச்சே, போனிலேயே வந்துச்சு,
பல் துலக்கி முடிக்கல, அதுக்குள்ள" என்று சிரித்தார்.
கடப்பாரை இருக்கிறதா என்றேன்.
சிரிப்பு நின்றது.
அழைப்பைத் துண்டிக்காமல் நடந்தார்.
எனக்குக் கேட்டது கோழிகள், காற்று,
இரும்பு மண்ணில் இறங்கும் ஓசை, ஒருமுறை,
இன்னொரு முறை.
மூன்றாம் முறை ஓசை வரவில்லை.
கடப்பாரையும் அவர் கைக்குத் திரும்பவில்லை.
வெகுநேரம் கழித்து, எங்கோ ஆழத்தில்,
தண்ணீர்.

தொட்டி கிழக்கு மூலைக்கு மாறியது.
லாரியைத் திருப்பி அனுப்பினேன்,
யாரையும் கேட்கவில்லை.

ஆபத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது படிவம்:
வெள்ளம், தீ, உப்பு, சரிவு.
குழி இல்லை.
'மற்றவை' என்பதற்கு இருநூறு எழுத்து இடமிருந்தது.
உதவி மையத்துப் பையன் கனிவாகத்தான் கேட்டான்,
"அந்த ஆட்டுக்குப் பதிவெண் ஏதாவது உண்டா?"

ஆறு வாரமாயிற்று.
நேற்று வேறு எதையோ தேடி
டார்சியின் நிலத்தைக் கடந்தபோது கண்ணில் பட்டது
மேற்கு மூலையில் ஒரு சாம்பல்நிறப் புள்ளி.
தொட்டால் விரிகிறது:

ஆடு (1). 1971. சரிபார்க்கப்படவில்லை.