உறவுமுறை: ஒரே டிபார்ட்மெண்ட்

ஆடிப் பதினெட்டுக்கு முதல்நாள் வந்தது அந்தக் கடிதம்.
அனுப்பானடியை ‘அனுபந்தி’ ஆக்கியிருந்தது
எங்கோ ஓர் எந்திரம்.
ஆனால் என் பெயரில் ஓர் எழுத்துப் பிசகில்லை.
தபால்காரர் தெரு கேட்க வாசித்தார்:
முத்திருளாண்டி.

இருபத்திரண்டு வருஷமாகப் புதூர் டிப்போ.
அழகர்கோவில் தடத்தில்
சித்திரைக் கூட்டத்தில் படியில் தொங்கியவனிடமும்
ஜன்னல் வழியே கைநீட்டிக் காசு வாங்கியவன்.
மெஷின் வந்தும்
எச்சில் தொடுகிற விரலை இன்னும் நிறுத்த முடியவில்லை.

மகள் பிரசவத்துக்குப் பேச்சி மியூனிக் போனாள்.
துணைக்கு நான்.
மூன்றாம் நாள் தனியாகப் பால் வாங்கக் கிளம்பி
ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன்.
எடுத்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
கண்டக்டர் வருவார், கிழிப்பார் என்று
ஏழு நிறுத்தம் கம்பியைப் பிடித்து நின்றேன்.
விசில் கேட்காமலே வண்டி கிளம்புவதுதான்
ஒரு மாதிரியாக இருந்தது.

வந்தது ஒரு பெண்.
காக்கி இல்லை, பை இல்லை.
காதில் பச்சைத் தோடு.
ஓர் அட்டையை நீட்டினாள், நான் டிக்கெட்டை நீட்டினேன்.
புரட்டினாள். மறுபடி புரட்டினாள்.
பிளாட்பாரத்திலேயே ஒரு நீலப் பெட்டி உண்டாம்,
அதன் வாயில் கொடுத்து
நாமே குத்திக்கொண்டு ஏற வேண்டுமாம்.

‘ஐ கண்டக்டர்’ என்றேன் நெஞ்சைத் தொட்டு.
அவள் புருவம் உயர்ந்தது.
இரண்டு கையையும் காற்றில் மெல்ல ஆட்டி
‘மியூசிக்?’ என்றாள்.
விசிலை நினைத்துக்கொண்டு
எஸ் என்றேன்.

சிரித்தாள். சிரித்தபடியே
ஆறு விரல் காட்டினாள்,
அப்புறம் விரலால் ஒரு வட்டம்.
கையில் அவ்வளவு இல்லை என்றதும்
பாஸ்போர்ட்டைப் பார்த்து விலாசம் எழுதிக்கொண்டாள்.
வீட்டுக்குப் பாலோடு போனேன்.
பாலைப் பற்றி மட்டும் பேசினேன்.

திரும்பி வந்து டியூட்டி சேர்ந்த நாலாம் நாள்
கடச்சனேந்தலில் செக்கர் ஏறினார்.
பின்சீட்டில் ஒரு வடக்கத்திப் பையன்,
தலையெல்லாம் சிமெண்ட்.
புதூர் வரைதான் டிக்கெட்.
புதூர் எது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?
நான் கத்தத்தான் கத்தினேன், தமிழில்.
செக்கர் விரல்களை விரித்து ரூபாய் சொன்னார்.
எப்போதும் அந்த நேரம் நான் ரோட்டைப் பார்ப்பேன்.
அன்றும் ரோட்டைத்தான் பார்த்தேன்.
அவன் இறங்கும்போது ஊர் எது என்றேன்.
மால்டா என்றான்.
அங்கே டிக்கெட்டை யார் கிழிப்பார்கள் என்று கேட்க
எனக்கு பாஷை இல்லை.

‘ஒரு லிட்டர் பால் ஆறாயிரமா?’
கடிதத்தை மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பி
அர்த்தம் வாங்கிவிட்டாள் பேச்சி.
நானே கட்டிக்கொள்கிறேன், உங்களுக்கு எதற்கு என்று
தல்லாகுளம் பேங்குக்குப் போனேன்.

கவுண்டர் பையன் திரையைப் பார்த்தபடி கேட்டான்.
‘என்ன காரணத்துக்கு சார் பணம் போகுது?
படிப்பு, வைத்தியம், டூர், குடும்பச் செலவு, அன்பளிப்பு.’
அபராதம்.
‘அது இந்த லிஸ்டுல இல்லையே.’
பின்னால் வரிசை முனகியது.
‘அன்பளிப்புன்னு போட்டுரவா?’
போடுங்க.
‘வாங்குறவங்க உங்களுக்கு என்ன உறவு?’
கொஞ்சம் யோசித்தேன்.
ஒரே டிபார்ட்மெண்ட்.
அவன் நிமிர்ந்து பார்க்காமல் அதையும் தட்டினான்.

அனுப்பும் கூலி அபராதத்தில் பாதிக்கு மேல்.
அது போகட்டும்.
ஐப்பசி மழையும் பிடித்துவிட்டது,
அங்கிருந்து இன்னும் ரசீது வரவில்லை.
காசை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்காவிட்டால்
எங்கள் டிப்போவில் அன்றைக்கே மெமோ.