பின் இடப்பக்கம்

வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஏரி உறைந்ததில் டுலூத் நகரமே சத்தம் போட மறந்திருந்தது.
கீழே நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில்,
கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு ஆண்கள்.
என் கணவர் வெர்லினின் கண்ணில் என் கம்பளிச் சால்வை.
என் தம்பி டுவேனுக்குக் கைதுடைக்கும் துண்டு,
வெங்காய வாசனையோடு.

தோற்றவன் ஏப்ரல் வரைக்கும்
இரண்டு வீட்டு வாசல் பனியையும் வாரவேண்டும்.
பந்தயம் அவ்வளவுதான்.

வெர்லினுடையது எச்டி டிவிடி, சிவப்புப் பெட்டி.
டுவேனுடையது ப்ளூ-ரே, நீலப் பெட்டி.
படம் இரண்டிலும் ஒன்றே:
கடலுக்கடியில் மூச்சைப் பிடித்திருக்கும் நீர்மூழ்கி,
முனகும் ஆணிகள்,
எங்கோ கசியும் தண்ணீர்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சக்கரத்தின் பேரிங் தேய்வதை
மெக்கானிக்குக்கு இரண்டு வாரம் முன்னால்
காதில் பிடித்துவிடுவேன்.
ஆகவே ரிமோட் என் கையில்,
மின்சார பில்லின் முதுகில் மதிப்பெண்.

"இதில் காற்று இருக்கிறது" என்றார் வெர்லின்.
"அதில் தரை இருக்கிறது" என்றான் டுவேன்.
காற்றுக்கும் தரைக்கும் நடுவில்
நான் ஒலிமானியின் முள்ளைப் பார்த்தேன்.
ஒன்று மற்றதைவிட நாலு டெசிபல் உரக்கப் பேசியது.
கூவுகிறவன் கூடையில்தான் கத்தரிக்காய் பளபளக்கும்.
குமிழைத் திருகிச் சமமாக்கினேன்.
அதற்குப் பிறகு
காற்றும் இல்லை, தரையும் இல்லை.
அவர்களுக்கு மட்டும் இருந்தது.

ஆறாவது சுற்றிலிருந்து
நான் தட்டை மாற்றவே இல்லை.
பொத்தானை மட்டும் 'டக்'கென்று அழுத்தினேன்.
"ஆ! இது நம்முடையது" என்றார் ஒருவர்.
"மேல்சுருதி எப்படி விரிகிறது பார்" என்றான் மற்றவன்,
துண்டுக்குள் கண்ணை இறுக்கி மூடியபடி,
கோவிலில் நிற்பவனைப்போல.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இரவு ஒரு மணிக்கு
இத்தனை அக்கறையாக
என் பேச்சை யாராவது கேட்டிருக்கிறார்களா
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்துக்கு வெர்லின் நாலு. டுவேனும் நாலு.
நாணயம் சுண்டியிருந்தால் ஐந்து கிடைத்திருக்கும்.
அதைச் சொல்லவில்லை.
"சமம்" என்றேன்.

ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்:
பின் இடப்பக்க ஸ்பீக்கரில் விழுந்த அந்தத் துளி.
தனியாக, உருண்டையாக,
கழுத்துக்குப் பின்னாலேயே விழுந்ததாம்.
"இதற்குத்தானே இவ்வளவு பணம்" என்றார் வெர்லின்.
டுவேன் முதன்முறையாக மறுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலைச் செய்தியில்
சிவப்பு தோற்றுப்போனது.
காதால் யாரும் தோற்கடிக்கவில்லை.
ஸ்டுடியோக்கள் கட்சி மாறின,
கடைகள் அடுக்கில் இடமில்லை என்றன.
வெர்லின் காபியைப் பாதியில் வைத்துவிட்டு
மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
பந்தயம் இதைப்பற்றியது இல்லை என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
டுவேன் வீட்டு வாசலையும் சேர்த்து வாரினார்.
தெருவில் அன்று அந்த இரண்டு வாசல்கள்தான் கறுப்பு.

சனிக்கிழமை துணி துவைக்கக் கீழே இறங்கினேன்.
எல்லாப் பெட்டிகளும் அணைந்திருந்தன.
சிவப்பு விளக்கும் இல்லை, நீல விளக்கும் இல்லை.
துளி விழுந்தது.
பின் இடப்பக்கம்.
தனியாக, உருண்டையாக.

கொதிகலன் குழாயின் முட்டியில்
பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.
அதன் கீழே கான்கிரீட்டில்
ஒரு காசளவு ஈரம்.

பிளம்பர் திங்கட்கிழமைதான் வருவார்.
அதுவரைக்கும் இருக்கட்டுமென்று
பழைய ஐஸ்கிரீம் வாளியை நகர்த்திவைத்தேன்.
வெள்ளிக்கிழமை விட்ட படத்தை முடிக்க
வெர்லின் இறங்கி வந்தார்.
மாடியில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை,
படிக்கட்டு அதிரக் குரல்:
"மார்லிஸ்!
செட்டிங்கில் யார் கைவைத்தது?"