மின்கட்டணம்

டான்டெனோங், தோமஸ் தெரு.
ஒரு பக்கம் ஆப்கான் ரொட்டிக் கடை,
மறுபக்கம் கைபேசிக்குக் கண்ணாடி மாற்றுகிறவர்.
நடுவில் நாங்கள்:
பன்னிரண்டு வருடமாய் எதிர்க்கட்சி,
ஆறு மாதமாய் வாடகைக்கு.

சுவர் முழுக்க வெற்றி.
முதல் நூறு நாளுக்கு
மஞ்சள் சீட்டு, பச்சைச் சீட்டு.
தோல்விக்கு ஒரு சீட்டும் இல்லை.
எழுதட்டுமா என்று கேட்டேன்.
பிரசாரப் பொறுப்பாளர் டெரன்ஸ்
பதில் சொல்லாமல் மேசை மரத்தைத் தட்டினார்.
வாய்முகூர்த்தம் பலித்துவிடும் என்று
வெள்ளைக்காரருக்கும் பயம் இருக்கிறது.

நான் பொருளாளர்.
பயப்படுவதற்கு எனக்குச் சம்பளமில்லை.
பத்தரைக்கு எல்லாரும் போன பிறகு
புதுக் கோப்பு ஒன்றை எடுத்து
முதுகில் 'மின்கட்டணம்' என்று எழுதினேன்.
அதை யாரும் திறக்கமாட்டார்கள்.

முதலில் காசு.
கடைசி வார விளம்பரத்தில் எல்லாவற்றையும் கொட்டாதே.
டிசம்பர் வாடகை தனியே இருக்கட்டும்.
ஃபாத்திமாவின் கடைசிச் சம்பளம், விடுப்புக் காசு:
தலைவரே வந்து கேட்டாலும் தொடாதே.

பிறகு அந்த இரவு.
எதிராளியின் எண் யாரிடம் இருக்கிறது?
ஒருவரிடமும் இல்லை.
நாளைக்கே வாங்கு.
கூப்பிடு, வாழ்த்து, இரண்டு நிமிடம்.
பென்சிலைக் குறை சொல்லாதே.
எண்ணியவர்களைக் குறை சொல்லாதே.
வாக்குப் போட்டவர்களை,
காரில் தனியாக இருக்கும்போதுகூட.

நான் பிறந்த ஊரில்
தேர்தல் என்றால் கதவுக்கு உள்தாழ்.
தோற்றவர் வீட்டுக்கு நடந்துபோய்ச்
சோறு தின்றுவிட்டுத் தூங்கலாம் என்பது
முப்பத்தெட்டு வயதில், இங்கேதான்,
எனக்குத் தெரியவந்தது.
அதையும் கோப்பில் எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.
அது திட்டமல்ல.

ஏழாம் பக்கத்தில் பேனா நின்றது.
கதவு தட்டப் போன மாதங்களில்
நாங்கள் குறித்துக்கொண்டு வந்த ஆட்கள்:
ஜூலையிலிருந்து ஹீட்டர் எரியாத
அரசாங்கக் குடியிருப்பில் திருமதி வுக்கோவிச்.
கடைசிப் பேருந்தை நிறுத்திவிட்டதால்
இரவு வேலைக்கு டாக்ஸியில் போய்
பாதிச் சம்பளத்தை அங்கேயே கொடுக்கும் சோபால்.
மகனுக்குப் பேச்சுப் பயிற்சி,
பதினான்கு மாதமாய்க் காத்திருப்பு;
தாயின் பெயர் இல்லை,
வீட்டு எண் மட்டும், முப்பத்தொன்று.
மொத்தம் நூற்றுப் பதினேழு.
எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம்,
நாங்கள் வந்தால் செய்வோம் என்று.
வராவிட்டால் என்ற மறுபாதியை
ஒருவரும் ஒரு வாசலிலும் சொல்லவில்லை.

எழுதினேன்:
திங்கட்கிழமை இந்தப் பட்டியலை
வென்றவர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடு.
பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு.
மாதம் ஒருமுறை போய்க் கேள்.
முகம் சுளிப்பார்கள். மறுபடி போ.
இதற்கு நாடாளுமன்றத்தில் இருக்கை வேண்டாம்.
பெட்ரோல் வேண்டும்.

வெள்ளி மாலை.
வடக்கிலிருந்து வெந்த காற்று.
நாளை பள்ளிக்கூட வாசல்களில்
வெங்காயமும் சொசேஜும் மணக்கும்.
வேட்பாளர் ஸ்டவ்ரூலா
என் நாற்காலியில் இருந்தாள், மடியில் கோப்பு.
"கட்டணம் எவ்வளவு என்று பார்த்தேன்" என்றாள்.
மறந்துபோனேன்.
இருபது வருடம் மீன்கடை நடத்தியவள்
வேறு எந்தக் கோப்பை முதலில் திறப்பாள்?

பக்கங்களைப் புரட்டினாள். கோபமில்லை.
"எல்லாருக்கும் வேலை போட்டிருக்கிறாய்.
ஞாயிறு காலை எனக்கு ஒன்றுமில்லையே."
உண்மை. அந்தக் கட்டத்தை
என்னால் நிரப்ப முடியவில்லை.

"இந்தத் தொகுதி வேலிகளில்
உன் முகம் நானூற்றிருபது இருக்கிறது.
குறடு கொண்டு வா. வான் என்னுடையது."

"வென்றால்?"

"வென்றாலும் கழற்றத்தானே வேண்டும்."

சிரித்தாள்.
பிறகு என் பேனாவை வாங்கி,
ஏழாம் பக்கத்தைத் தேடி,
முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில்
எழுத்துக் கூட்டி எழுதினாள்:
நர்கிஸ்.
மகன் பெயர் ஓமித். ஐந்து வயது.
'தண்ணீர்' மட்டும் சொல்கிறான்.