டிலானியாக இருந்த பதினேழு நாள்

படிவத்தில் முன்னனுபவத்துக்கு என்று ஒரு கட்டம்.
இல்லை என்று அதற்குள் நிதானமாக எழுதினேன்,
கையெழுத்தாவது நல்லா இருக்கட்டும் என்று.

கிரானில் இருட்டோடு பஸ் ஏறி
வாழைச்சேனைச் சந்தியில் ஹோட்டல் வேனுக்கு நின்றேன்.
காற்சட்டை இரண்டு அங்குலம் நீளம்,
உள்ளே மடித்து ஊசி.
பெலிசியா மிஸ் இழுப்பறையைக் கிண்டினார்.
“உன்ர பேர் அச்சடிச்சு வர நாளெடுக்கும்.
அதுமட்டும் இதக் குத்து.”
இங்கிலீசில் ஆறெழுத்து. டிலானி.

யார் என்று கேட்டேன்.
துபாய் போனாள் என்றது லாண்டரி.
மாத்தறையில் கலியாணம் என்றது குசினி.
சித்திரை லீவில் போனவள்
மறுகா வரவேயில்லை என்றான் தோட்டத்துப் பொடியன்.

கதவை மூன்று தரம் தட்டு,
சொல்லு, பொறு, திரும்பத் தட்டு.
எங்கட வீட்டில் அறைக்குக் கதவே இல்லை,
பழைய சேலைதான் தொங்குது.
சேலையில எங்க தட்டுறது?
ஒரு செருமல், அவ்வளவுதான்.
முதல் நாள் ஹவுஸ்கீப்பிங் என்ற சொல்
“கீ”யில் நின்றுவிட்டது.
உள்ளேயிருந்த வெள்ளைக்காரர்
சாவியை எடுத்து நீட்டினார்.

மணல்தான் எதிரி.
பாசிக்குடாக் கடல் முழங்காலளவில் படுத்துக் கிடக்க
அதன் மணல் முழுக்க அறைக்குள்.
குளியலறையில், செருப்பில், பைபிள் இருந்த லாச்சியில்.
விரிப்பில் ஒரு மணி அகப்பட்டாலும்
மிஸ் நாலு மூலையையும் உருவிப் போடுவார்.
“ஒழும்பினவன் படுத்ததே தெரியக் கூடாது.”
ஒன்பதாம் நாள்தான் உருவாமல் போனார்.
நல்லது என்றும் சொல்லவில்லை.

பதினோராம் நாள், நூற்றுப் பதினாலாம் அறை.
குருநாகலிலிருந்து ஒரு தாய், மூன்று பிள்ளைகள்.
என் நெஞ்சைப் பார்த்தாள், பெயரை வாசித்தாள்,
முகம் இளகிச் சிங்களத்தில் கொட்டத் தொடங்கினாள்.
என்னிடம் இருந்தது மூன்று சொல்:
ஒவ், ஹரி, பொட்டக் இன்ன.
மூன்றையும் மாறி மாறி வைத்தேன்.
தலையணை கொண்டுவந்தேன், இல்லை.
சுடுதண்ணி, அதுவும் இல்லை.
கடைசியில் அவள் விரிப்பைத் தூக்கிக் காட்டினாள்:
நடுவில் பெரிய ஈரம்.
சின்னவன் திரைச்சீலைக்குப் பின்னால்
காலை மட்டும் வெளியே விட்டு ஒளிந்திருந்தான்.

காலைக் காணாதவள் போல
மெத்தையைப் புரட்டி, புது விரிப்புப் போட்டு
நனைந்ததை வண்டியின் அடியில் செருகினேன்.
மூலைகள் நேராக வந்தன.

கொஹெத கம, நங்கி?
ஊர் கேட்கிறாள் என்பது விளங்கியது.
கையைத் தெற்கே நீட்டினேன்.
ஆ, மாத்தற, என்று தானே முடித்துக்கொண்டாள்.
பொய் சொல்லவில்லை நான்.
கிரானும் இங்கிருந்து தெற்குத்தான்.

ஐந்நூறு ரூபா தந்தாள்.
வேனில் வரும்போது அது சட்டைப் பையில்
இன்னொருத்தியின் காசு போலக் கிடந்தது.
கும்புறுமூலை தாண்டும்போது தகட்டைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன்.
முள் குத்தாமலிருக்கப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள்.
அதில் நீலப் பேனையால் கோடுகள்,
ஐந்தைந்தாய்க் கட்டி, அறுபத்திரண்டு.
நாளா, சம்பளமா, அழுகையா, தெரியாது.
அவளுக்கும் முதல் நாள் எந்தச் சொல்லாவது நின்றிருக்கும்.

பதினேழாம் நாள் என் தகடு வந்தது. சுகி.
சுகிர்தமலர் அதற்குள் அடங்காதாம்,
அடங்கினாலும் ஆருக்கு வாயில் நுழையும் என்றார் மிஸ்.

பின்னேரம் ஓட்டமாவடியிலிருந்து ஒருத்தி வந்தாள்,
பர்ஹத் நிஸா,
புதுச் சப்பாத்து, கடித்த நகம்.
அனுபவம் என்று கேட்டதற்கு நிலத்தைப் பார்த்தாள்.
மிஸ் என்னிடம் கையை நீட்டினார்.
கொடுத்தேன்.

பிளாஸ்டரைப் பற்றிச் சொல்லவில்லை.
காற்சட்டைக்கு இரண்டு ஊசி மட்டும் கொடுத்து
லிஃப்டுக்குள் கூட்டிப் போனேன்.
என் கோடுகளும் அதில் இருந்தன,
சிவப்புப் பேனையில், ஆறு.